அடைக்கோழியை இடம் மாத்தணும், யோசனை சொல்லுங்க

வணக்கம். சிறுவிடைங்கிற நாட்டுக் கோழி ஒண்ணு வைக்கோல்போர் இடுக்குல அடை உட்கார்ந்திருக்கு. கை நீட்டினா சிறகை உப்பி கொர்ருங்குது, ராத்திரியும் இறங்கல, அடை உறுதிதான். அங்கே கீரி, பாம்பு தொல்லை. பகல்ல தூக்கினா அடை தெளிஞ்சிடும்னு, இருட்டினதும் தூக்கி இருட்டறையில, கடையில வாங்கின முட்டை 2 மேல உட்கார வைக்கப்போறேன். அது குஞ்சு பொரிக்காத முட்டை, போனாலும் நஷ்டமில்ல. கோழி அங்கேயே நிலைச்சு உட்கார்ந்தாத்தான் பொரிக்கிற முட்டை வைப்பேன்: 10, எல்லாம் ஒரு வாரத்துக்குள்ள இட்டது, ஒரே நாள்ல வைக்கணும். மூங்கில் கூடையில மணல், மேல வைக்கோல். இடியில முட்டை கெடாம இருக்கன்னு கரித்துண்டும் வரமிளகாயும் போடுவாங்க, கோழிப்பேனுக்கு அது உதவாது.

கேள்வி இதுதான்: பஞ்சாரம் (கோழியை மூடி வைக்கிற பெரிய கூடை) கவிழ்த்து, தினம் 20 நிமிஷம் தீனிக்குத் திறந்துவிட்டா, கோழி பழைய இடத்துக்கே போய் உட்காருமே, அதை எப்படி மறக்க வைக்கிறீங்க? எத்தனை நாள் மூடி வைக்கணும்?