பொருள்: மறு: ஃபொண்டூவுக்குத் தமிழில் என்ன? “உருகுபாற்கட்டி” போதாது

அன்பின் குழுமத்தாருக்கு,

அப்புத்தளையில் விருந்தினர் இல்லம் நடத்தும் தம்பி தமது சமையற் கையேட்டுக்காக ஃபொண்டூவுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். பாற்கட்டியை (சீஸ்) வைனில் உருக்கி, மேசை நடுவில் சட்டியோடு வைத்து, பாண் துண்டுகளை முக்கிச் சாப்பிடும் சுவிஸ் உணவு அது. நுவரெலியாவில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்து தங்கும்போது இரவுச் சாப்பாட்டுக்கு இதைச் செய்வதுண்டு. அதனால் அடுப்பருகே நின்று யோசித்ததை எழுதுகிறேன்.

> “உருகுபாற்கட்டி” என்றே வைக்கலாம். பிரெஞ்சு மூலமும் உருக்குதல்தானே.

மூலம் சரிதான். ஆனால் 1699ஆம் ஆண்டுச் சூரிக் சமையற் புத்தகம் ஒன்றில் இது ‘பாற்கட்டியை வைனில் சமைத்தல்’ என்றுதான் வருகிறது. ஃபொண்டூ என்ற பெயர் அதற்குப் பிற்பாடு வந்து ஒட்டியது. இப்போதோ கொதிக்கும் எண்ணெயில் இறைச்சித் துண்டைப் பொரித்தெடுப்பதும் ஃபொண்டூ, உருக்கிய சொக்லேட்டில் பழத்தை முக்குவதும் ஃபொண்டூ. எண்ணெய்ச் சட்டியில் பாற்கட்டியே கிடையாது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது மேசை நடுவில் அடியில் தீயோடு ஒரு சட்டி, ஆளுக்கொரு நீண்ட முள்ளுக்கரண்டி. பெயர் அதைச் சொல்ல வேண்டும்.

> அப்படியென்றால் “தோய்சட்டி”?

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பாலோடு சேரும்போது தோய்தல் என்றால் உறைதல். தயிர் தோய்ந்துவிட்டதா என்றுதான் கேட்போம். இந்தச் சட்டியில் நாம் பயப்படுவதே கட்டிபடுவதற்குத்தான். சூடு மிஞ்சினால் புரதம் சுருங்கித் திரளும், கொழுப்பு தனியே கக்கும். பிறகு மேலே எண்ணெய், கீழே இழுபடும் ரப்பர். வைனில் உள்ள புளிப்பு, புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கல்சியத்தைத் தளர்த்திக் குழைய விடுகிறது. கோன்ஃபிளவர் புரதம் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் நிற்கிறது. வைன் புழங்காத வீட்டில் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் அந்த வேலையைச் செய்யும். பாலைத் திரிய வைக்கிற அதே எலுமிச்சை இங்கே திரளாமல் காக்கிறது! கையேட்டில் இதை அவசியம் எழுதுங்கள் தம்பி. சமைப்பவர் எலுமிச்சையைக் கண்டு பயந்து விட்டுவிடக் கூடாது.

அளவும் கேட்டிருந்தீர்கள். சுவிஸ்காரர் கணக்கு ஆளுக்கு 200 கிராம். நான்கு பேருக்கு 800 கிராம் துருவிய பாற்கட்டி, 300 முதல் 350 மில்லிலீற்றர் வெள்ளை வைன், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமாகக் கோன்ஃபிளவர். சட்டியின் உட்புறம் முழுக்கப் பூண்டைத் தேய்த்துவிட்டு, வைன் சூடானதும் பாற்கட்டியைப் பிடிபிடியாகப் போட்டுக் கிண்டுங்கள். கொதிக்க விடாதீர்கள். சுவிஸில் கிரூயேர், வஷ்ரான் என்ற இரண்டு பாற்கட்டி வகைகளைப் பாதிக்குப் பாதி போடுவார்கள். கடையில் கிடைக்கும் பதப்படுத்திய பாற்கட்டி சுலபமாக உருகும், உருகுவதற்கான உப்பு அதிலேயே இருக்கிறது. ஆனால் முதிர்ந்த பாற்கட்டியின் மணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. முக்குவதற்கு முதல் நாள் பாண் நல்லது, புதுப்பாண் சட்டிக்குள்ளேயே உதிர்ந்துவிடும். நம் ஊர் உருளைக்கிழங்கை அவித்து வைத்தால் பாணைவிட அதுதான் முதலில் தீரும்.

நான் முன்வைக்கும் சொல் “முக்குசட்டி”. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஆகவே ச் மிகாது. “முக்குச்சட்டி” என்று எழுதினால் தெருமுக்கில் வைத்த சட்டி ஆகிவிடும்.

> முக்குதல் பேச்சுச் சொல். கையேட்டுக்குப் பொருந்துமா?

தேத்தண்ணியில் பிஸ்கட்டை முக்காத வீடு மலையகத்தில் உண்டா? எல்லார் வாயிலும் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு அகராதியில் இருந்து ஒன்றை ஏன் எடுக்க வேண்டும்? கலைச்சொல் சமையலறையில் வாயில் வர வேண்டும், இல்லாவிட்டால் கையேட்டிலேயே செத்துப்போகும்.

> “பொதுச்சட்டி” என்று போட்டால், பெரியவர்கள் எச்சில் என்று ஒதுங்குவார்கள்.

பண்டாரவளை அக்கா சொல்வது நியாயம். சுவிஸ் வீடுகளிலும் முள்ளை உதடு படாமல் பல்லால் இழுத்தெடுப்பதுதான் மரியாதை. எங்கள் வீட்டில் இன்னும் ஒரு படி மேல்: நீண்ட முள் சட்டிக்கு மட்டும், முக்கியதைத் தட்டில் இறக்கிவிட்டு வேறு கரண்டியால் சாப்பிடுவது. இப்படிச் செய்தால் அப்பத்தாவும் கூட உட்காருவார். அந்த முள்ளுக்கு “முக்குமுள்” என்றே வைக்கலாம்.

சட்டி காலியாகும்போது அடியில் பிடிக்கும் பொன்னிறத் தகட்டுக்குப் புதுச்சொல் வேண்டாம். அது காந்தல். அதைச் சுரண்டிப் பங்கு போட்டு உண்பது அங்கேயும் வழக்கம்.

சட்டிக்கு அடியில் வைக்கும் சிறு அடுப்புக்கு “மேசையடுப்பு” என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து