பொருள்: ஸ்கேஃபோல்டிங் – சாரக்கட்டா, கைத்தாங்கலா?

குழுவினருக்கு வணக்கம். கற்பவருக்குத் தேவைக்கேற்ப உதவி தந்து, அதைப் படிப்படியாகக் குறைப்பதை ஆங்கிலத்தில் ஸ்கேஃபோல்டிங் (scaffolding) என்கிறார்கள். பாடநூலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சில், ஐயா ஒருவர் எழுதியது இது:

> சாரக்கட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டடத் துறையில் புழங்கும் சொல்தானே.

ஐயா, புழங்குவதுதான் சிக்கல். சாரக்கட்டு என்றால் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரும்புக் குழாய்தான் கண்ணில் வரும். ஆங்கிலத்திலும் அதே உருவகம்தான், சரி. ஆனால் இந்தச் சொல்லைக் கல்வித் துறையில் பரவலாக்கியது 1976இல் உட், புரூனர், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை. அதில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டுகிறார்கள். கூட இருப்பவர் சின்னதுகளுக்குச் செய்து காட்டுகிறார், பெரியதுகளுக்குப் பெரும்பாலும் வாயால் சொல்கிறார். ஆளைப் பார்த்து உதவி மாறுகிறது. சாரத்துக்கு ஏது கண்?

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போவேன். முதல் சில நாள் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே உளியை இழுத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "பட்டைய மட்டும் சீவு, கட்டையில காயம் போடாத" என்று வாய் மட்டும். கடைசியில் பக்கத்து நிரையில் தன் மரத்தை வெட்டிக்கொண்டே இருப்பார். நான் பிசகினால் மட்டும் ஒரு "ம்ம்" வரும். அந்த "ம்ம்"முக்கும் சேர்த்துத்தான் சொல் தேடுகிறேன்.

வேறு சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். கொழுகொம்பு அழகான சொல். ஆனால் கொடி கடைசிவரை அதை விடாது. நடைவண்டியைப் பிள்ளை ஒருநாள் விட்டுவிடும், ஆனால் அதில் ஆள் இல்லை. கைத்தாங்கலில் ஆளும் உண்டு, தேவைக்கேற்ற பிடியும் உண்டு. 'கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள்' என்றால் பாட்டிக்கும் புரியும். நோயாளி நினைவு வருமே என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். வரும்தான். பாடநூலில் நாலு முறை வந்தால் பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

உதவியைப் படிப்படியாகக் குறைப்பதற்குக் 'கைவிடுதல்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்! 'கைத்தளர்த்தல்' சரியாக இருக்கும்.

இன்னொன்று. முந்தைய மடலில் ஸ்கேஃபோல்டிங் என்பதை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் சொல் என்று எழுதியிருந்தது. அவர் அந்தக் கட்டுரைக்கு நெடுங்காலம் முன்பே, 1934இலேயே இறந்துவிட்டார். பிள்ளை தனியாகச் செய்வதற்கும் பெரியவர் துணையோடு செய்வதற்கும் நடுவிலுள்ள இடைவெளி பற்றிய கருத்துதான் அவருடையது. அதற்கு 'எட்டும் எல்லை' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

இப்போதைக்கு ஒரு சோதனை வாக்கியம்: 'பின்னக் கணக்கில் ஆசிரியர் முதலில் கைத்தாங்கல் தந்து, மூன்றாம் வாரத்தில் கைத்தளர்த்தினார்.' காதில் உறுத்துகிறதா?