கலைச்சொல் விவாதம்: மூளைக்குள் இரத்தம் இறங்கி வரும் பக்கவாதத்துக்கு என்ன பெயர்?

தக்கலையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டு வருவதற்கு ‘அடைப்புப் பக்கவாதம்’ என்று எழுதிவிட்டேன். குழாய் உடைந்து மூளைக்குள் இரத்தம் இறங்குவதால் வருவதற்குத்தான் சொல் அமையவில்லை. ‘இரத்தப்போக்குப் பக்கவாதம்’ என்றெழுதி மகளிர் குழுவில் வாசித்துக் காட்டினேன். ஓர் அம்மா அதை மாதவிலக்குத் தொல்லை என்றே எடுத்துக்கொண்டார்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘பக்கவாதம்’ என்பதையே விட்டுவிட வேண்டும் என்பேன். ஒரு பக்கம் செயலிழப்பது விளைவு. நோய் நிகழும் இடமோ மூளை. வாதம் வடசொல். ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லும் வளிதான் அது. ஆனால் குழாய் உடைந்த இடத்தில் காற்றுக்கு என்ன வேலை? இரத்தத்துக்கும் குருதி இருக்கிறது. ஆகவே ‘மூளைக் குருதிக்கசிவுத் தாக்கு’ என்பதே என் பரிந்துரை. அச்சகத்தார் ஒற்றுகளை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குலசேகரத்திலிருந்து, மருத்துவர்:

ஐயா, கசிவு என்றால் எங்கள் பக்கத்தில் குளத்தங்கரையில் ஈரம் பூத்து நிற்பதுதான் நினைவுக்கு வரும். அதற்காக யாரும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. உயர் இரத்த அழுத்தத்தால் ஆண்டுக்கணக்கில் நைந்த குழாய் திடீரென உடைவதை அச்சொல் காட்டவில்லை. ‘போக்கு’ம் பொருந்தாது: மண்டையோட்டுக்குள் இறங்கிய இரத்தம் போவதற்கு வழியின்றி அங்கேயே திரண்டு மூளையை நெருக்குகிறது.

நோயாளியின் வீட்டார் ‘தலையில நரம்பு வெடிச்சுட்டு’ என்கிறார்கள். வெடித்தது நரம்பன்று, இரத்தக்குழாய். ஆயினும் பாதி சரி. எனக்கு அச்சம் தருவது ‘ரெத்தக்கட்டு’ என்னும் சொல்தான். குழாயை அடைத்த உறைவையும், குழாய்க்கு வெளியே திரண்ட இரத்தத்தையும் மக்கள் அந்த ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். உறைவைக் கரைக்கும் ஊசியை, அடைப்பு வந்த நாலரை மணி நேரத்துக்குள், தகுதியானவர்களுக்குப் போடலாம். உடைப்பில் அதே ஊசி உயிரை வாங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் வாய் கோணும், கை துவளும், பேச்சு குழறும். தலையை ஸ்கேன் எடுத்த பிறகே எது எதுவென்று தெரியும். பெரும்பாலானவை அடைப்பே என்பதால், யாரோ சொன்னதைக் கேட்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். நாம் வைக்கும் பெயர் அந்தக் கையைத் தடுக்க வேண்டும்.

‘உடைப்புப் பக்கவாதம்’ என்று வையுங்கள். அடைப்பு, உடைப்பு இரண்டும் பேச்சிப்பாறைக் கால்வாய்த் தண்ணீரில் பயிர் செய்தவர்களுக்குப் புதிய சொற்கள் அல்ல. எதுகையும் தானாக அமைகிறது.

நாகர்கோவிலிலிருந்து:

எதுகைக்கு மறுப்பில்லை. உடைந்தது எது என்று பெயரிலேயே இல்லாவிட்டால் எலும்பு என்று கொள்வார்கள்.

தக்கலையிலிருந்து:

குழுவில் ஐவர் ‘உடைப்பு’ என்ற சொல்லின் பக்கம் நிற்பதால், முதலில் வரும் இடத்தில் ‘மூளை இரத்தக்குழாய் உடைப்புப் பக்கவாதம்’ என்றும் பிறகு ‘உடைப்புப் பக்கவாதம்’ என்றும் போட்டுவிட்டேன். ‘வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

துண்டறிக்கைக்கு அப்படியே இருக்கட்டும். வாதத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.