எபிக்டெட்டஸைத் தமிழில் எங்கிருந்து தொடங்கலாம்?

வணக்கம். பாம்பன் பக்கம் விசைப்படகில் வேலை. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் கரைதான். போன வருடம் அப்படிச் சும்மா இருந்தபோது ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம் படித்தேன். 'உன் கையில் இருப்பதை மட்டும் கவனி' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, உதவியது. காற்றைத் திட்டுவதை விட்டுவிட்டுக் கிழிந்த வலையை எடுத்து உட்கார்ந்தேன்.

தத்துவம் படித்த மச்சான் சிரிக்கிறார். "மாப்ள, அது எபிக்டெட்டஸ் சொன்னது. அந்தக் காலத்துக் கிரேக்கத் தத்துவஞானி, அடிமையாக இருந்த மனுஷன். நீ படிச்சது வெறும் சக்கை." எபிக்டெட்டஸ் கைப்பட எதுவும் எழுதவில்லையாம், மாணவர் அர்ரியன் எழுதி வைத்ததுதானாம்.

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. காற்று என் கையில் இல்லை, சரி. படகு வேலைக்கு எனக்கு வரும் பங்குப் பணத்தில் பிடித்துக்கொள்கிறார்களே, அதுவும் என் கையில் இல்லையென்று விட்டுவிடுவதா? புத்தகம் அந்தப் பக்கமே போகவில்லை. மூலத்தில் இதற்கு வாதம் ஏதும் உண்டா?

படித்தவர்கள் சொல்லுங்கள். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா? எந்தப் பகுதியை முதலில் எடுக்கலாம்? ராமநாதபுரத்தில் கிடைத்தால் நல்லது. தடைக்காலம் தொடங்குவதற்குள் கையில் இருக்க வேண்டும்.