மாலையில் சார்ஜ் ஏறாத ஸ்கூட்டர்: பழுது எங்கே?

வீட்டில் மாலை 6 முதல் 10 மணி வரை என் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஏறுவதே இல்லை. சார்ஜரில் டிக் டிக் என்று சத்தம், சிவப்பு விளக்கு, அப்புறம் நின்றுவிடுகிறது. இரவு 11 மணிக்கு மேல் ஒழுங்காக ஏறுகிறது.

ஊர் செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம். வேலைக்கு மதுரை போய்வர தினமும் 50 கிலோமீட்டர். வண்டி 2023 மாடல், 3 யூனிட் பேட்டரி, 750 வாட் சார்ஜர். தொல்லை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது.

சர்வீஸ் சென்டரில் வேறு சார்ஜர் கொடுத்துப் பார்த்தார்கள், அதே கதைதான். அங்கே மாட்டினால் நன்றாக ஏறுகிறது. 15 ஆம்பியர் பிளக் பாயிண்டும் புதிதாக மாற்றிவிட்டேன்.

பம்புசெட் ஓடுவதால் வோல்டேஜ் குறைகிறது என்றார் லைன்மேன். சரி என்று மல்டிமீட்டர் வாங்கி அளந்தேன். சார்ஜர் ஓடாதபோது 207. போட்டதும் 181! வெறும் 4 ஆம்பியருக்கு 26 வோல்ட் விழுமா? அதே நேரத்தில் பக்கத்து வீட்டுச் சித்தப்பா வீட்டில் 206, அசையவே இல்லை. என் வீட்டில் மெயின் சுவிட்சிலேயே 183தான். இரவில் 228 வருவதால் விழுந்தாலும் 200க்கு மேல் நிற்கிறது, அதனால்தான் ஏறுகிறது போல.

ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கோ சூடாகிக்கொண்டிருக்கும் இணைப்பை அது மறைக்கத்தானே செய்யும்?

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் அலுமினியம், 20 வருடப் பழசு. கம்பத்தில் வயரை முறுக்கிக் கட்டிய இணைப்பு, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இணைப்பு, மீட்டர் போர்டு, இந்த மூன்றில் முதலில் எதைப் பார்க்கச் சொல்லட்டும்?