போட்டிக்கே போகாதவன் ஊசி போடுறது எதுக்கு?

வடபழனி மதன்:
எங்க ஜிம்முல பாடிபில்டிங் போட்டிக்கு மேடை ஏறுறவங்க ரெண்டே பேர். உடம்பு ஏத்துற ஸ்டீராய்டு ஊசி போடுறவங்க பத்துக்கு மேல. அதுல ஐ.டி. ஆளு, மெக்கானிக், காலேஜ் பையன் எல்லாம் உண்டு. பரிசும் கிடையாது, பணமும் கிடையாது. சம்பளத்துல பாதியைக் கொட்டுறானுங்க. இன்ஸ்டாகிராம் பார்த்துக் கெட்டுப்போனதைத் தவிர வேற காரணம் இருக்கா?

சேலம் பயில்வான்:
டயனபால்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவுல 1958லயே வந்தாச்சு தம்பி, எல்லாத்துக்கும் போனைத் திட்டாதீங்க. போட்டா உடம்பு ஏறுது, அதான் போடுறான். 1996ல ஷலேந்தர் பாசின்னு ஒரு டாக்டரோட ஆராய்ச்சிக் குழு பத்து வாரம் ஊசி போட்டுப் பார்த்தாங்க. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், அதான் ஆம்பளை ஹார்மோன். எடையே தூக்காம ஊசி மட்டும் போட்டவனுக்குக் கொழுப்பில்லாத எடை 3 கிலோ கூடுச்சு. ஊசி இல்லாம தூக்கினவனுக்கு 2 கிலோ. ரெண்டும் செஞ்சவனுக்கு 6. இதுல எவன் முட்டாள்?

வடபழனி மதன்:
அது பத்து வாரம், டாக்டருங்க பக்கத்துலயே இருந்தாங்க. இங்க ஜிம் மாஸ்டர் பையிலருந்து லேபிள் இல்லாத பாட்டில் வருது. உள்ள என்ன இருக்குன்னு மாஸ்டருக்கே தெரியாது.

மருந்துக்கடை ரவி:
இதெல்லாம் ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாம தரக் கூடாது. இருந்தும் வந்து கேட்கத்தான் செய்றாங்க. பயில்வான் அண்ணே, மெஃபென்டர்மின் கேட்கிறவனுக்கு உங்க கணக்கு ஒத்து வராது. ஆபரேஷன்ல பிரஷர் இறங்கினா ஏத்துற ஊசி அது, தசையெல்லாம் வளர்க்காது. கேட்டா ‘பம்ப்’புக்காம், அதாவது எடை தூக்கும்போது தசை புடைச்சு நிக்கணுமாம்.

பெயர் வேண்டாம்:
நான் மூணு வருஷம் போட்டவன். முதல்ல ஆசைக்குத்தான் போட்டேன். நிறுத்தி ரெண்டு மாசத்துல டிஷர்ட் கை தொளதொளன்னு ஆயிடுச்சு. டீக்கடை அண்ணன், “என்னப்பா, காய்ச்சலா? இளைச்சுட்டியே”ன்னு ஒரு வார்த்தை கேட்டார். டம்ளரைக் கீழ வைக்கிறதுக்குள்ள மாஸ்டருக்கு போன் போட்டுட்டேன். 

வெளியிலருந்து ஹார்மோன் வந்தா மூளை விந்தணு உண்டாக்கச் சொல்லி விரைக்கு அனுப்புற சிக்னலை நிறுத்திடும்னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனான்னா, மாட்டேன். கல்யாணமாகி குழந்தை இல்லைன்னு மனைவியைத்தான் முதல்ல டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ஸ்கேன், ரத்தம்னு நாலு மாசம் அவ அலைஞ்சா. எனக்குக் காரணம் தெரியும், வாயைத் திறக்கல. கடைசியில எனக்கு எடுத்தாங்க. விந்தணு பூஜ்யம்.

வடபழனி மதன்:
இதை ஜிம்முல வந்து சொல்லுங்களேன் சார்.

பெயர் வேண்டாம்:
அங்க போனா திரும்பப் போடுவேன். அதான் போறதில்ல.

சேலம் பயில்வான்:
தம்பிக்கு நடந்தது வருத்தம்தான். ஆனா அளவு தெரியாம போட்டா அப்படித்தான் ஆகும். எனக்கு 47 வயசு, ரெண்டு பிள்ளைங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவை ரத்த டெஸ்ட் எடுத்துட்டுத்தான் போடுறேன்.

மருந்துக்கடை ரவி:
பிள்ளைங்க பொறந்தது ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா?

சேலம் பயில்வான்:
முன்னாடி.

மருந்துக்கடை ரவி:
கடைசி டெஸ்ட்ல ஹீமோகுளோபின் எவ்வளவு அண்ணே?

சேலம் பயில்வான்:
18 தாண்டுச்சு, ஊசி போட்டா அளவுக்கு மேல ஏறும்தான். அதுக்கென்ன, ரத்த தானம் கொடுத்தேன், இறங்கிடுச்சு.