சப்பாத்து நாடா இலக்கு: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

மலைச்சாரல் (ஹட்டன் பக்கம்)
விசேட கல்வி அலகுல ஏழு வருஷமா இருக்கேன். போன தவணை ஒரு பொம்பளப் புள்ளைக்குத் தனியாள் கல்வித் திட்டத்துல (ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா இலக்கு எழுதுற படிவம்) எழுதினது: "உதவியின்றி 5 தடவையில் 4 தடவை சப்பாத்து நாடாவைக் கட்டுவாள்." அளக்கலாம், தவணைக்குள்ள முடியும். பாக்க வந்தவங்களும் நல்லாருக்குன்னாங்க. அட்டையில ஓட்டை போட்டுத்தான் பழக்கினேன். கடைசி நாள்தான் உறைச்சது, அவகிட்ட சப்பாத்தே இல்ல, றப்பர் செருப்பு. பக்கத்து வகுப்புப் பையனோடதை வாங்கிக் குடுத்தேன். வராந்தாவுல உக்காந்து, நாக்கைக் கடிச்சிக்கிட்டு, 4 தடவை கட்டிட்டா. கை தட்டினோம். அவ அதைக் கழட்டி, நாடாவை உள்ள சுருட்டி வச்சு, பையன்கிட்ட குடுத்துட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. படிவத்துல சரி போட்டேன். அந்தச் சரிதான் உறுத்துது.

பதுளை பென்ஷன்காரர்
புள்ளைகளுக்கு அரசாங்கத்தோட சப்பாத்து வவுச்சர் வருதே, கேட்டு வாங்கியிருக்கலாம். கற்றல் இலக்கு எப்படி எழுதுறதுன்னு புத்தகம் போட்ட அமெரிக்கர் ரொபர்ட் மேகர், 1962லயே மூணு விஷயம் சொல்லிட்டார்: எந்த நிலைமையில, என்ன செய்வா, எவ்வளவு சரியா. நீங்க முதலாவதை விட்டுட்டீங்க டீச்சர். "தன் சப்பாத்தில்"னு எழுதியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். "விளங்கிக்கொள்வான்", "கவனம் கூடும்" எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. "சுட்டிக்காட்டுவான்", "எடுத்துத் தருவான்"னு எழுதுங்க. தொடங்க முன்னமே, இப்ப எத்தனை தடவை செய்யுதுன்னு எண்ணி வைங்க. கை பிடிச்சுச் செய்ய வச்சதையும் வாயால சொல்லிச் செஞ்சதையும் ஒரே கட்டத்துல போடாதீங்க. என் அனுபவமா? ஒருத்தனுக்குக் "காசு எண்ணுவான்"னு எழுதினேன். பிளாஸ்டிக் காசை எண்ணினான், கடையில எண்ணல.

கொட்டகலை அம்மா
எண்ணுறதைப் பத்திப் பேசுறீங்களே சேர், என் மகனுக்கு எழுதினது இது: "10 தடவையில் 8 தடவை பாதுகாப்பாக வீதியைக் கடப்பான்." எங்க வாசல்லயே ஏ7 ரோட்டு. மத்த ரெண்டு தடவைன்னு கேட்டேன். "எல்லாருக்கும் 80 வீதம்தான் போடுறது"ன்னாங்க. மறுநாள் பனிமூட்டத்துல, லொறி ஹெட்லைட்டைப் பாத்துச் சந்தோஷமா கை காட்டுறான், ஒரு கால் ரோட்டுல. படிவம் கையெழுத்தில்லாம அலுமாரிக்குள்ள கிடக்கு.

மலைச்சாரல்
சேர், வவுச்சரைப் பத்தி நான் கேக்கவேயில்ல. இந்தத் தவணை மாத்திட்டேன்: "மழையில் வரும்போது தன் குடையை மடக்கி வாளியில் வைப்பாள்." ஜூன் மாசம், எண்ண நாளுக்குப் பஞ்சமில்ல. மூணு நாள் செஞ்சா. நாலாம் நாள் குடைக்கம்பி ஒடஞ்சு மடங்கல. அப்படியே கோணலா வாளியில சொருகிட்டா. இதுக்குச் சரியா, பிழையா, எதைப் போடட்டும்?